சூத்திரம் ஒன்று, விளக்கங்கள் பல: நியூட்ரினோ அலைவை எப்படிச் சொல்வது?

திருப்பதியை ஒட்டி ஏர்ப்பேட்டில் இயங்கும் ஐஐடி, ஐசர் ஆகிய இரு நிறுவனங்களிலோ, 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலோ, நாட்டின் வேறெந்த இயற்பியல் துறையிலோ பயிலும் முதுகலை மாணவர் ஒருவர், நியூட்ரினோ அலைவுச் சூத்திரத்தை அரைப் பக்கத்தில் தருவித்துவிட இயலும். இரண்டு நிறைகளின் வர்க்க வேறுபாட்டைத் தொலைவால் பெருக்கி, ஆற்றலின் நான்கு மடங்கால் வகுத்து, அதன் சைன் வர்க்கத்தை எடுத்து, கலப்புக் கோணத்தைச் சார்ந்த ஒரு காரணியால் பெருக்கினால் போதும். ஒரு சுவையில் பிறந்த நியூட்ரினோ மற்றொரு சுவையில் பிடிபடுவதற்கான நிகழ்தகவு கிடைத்துவிடும். சோதனைகள் அனைத்தும் இச்சூத்திரத்தையே உறுதிசெய்து வந்துள்ளன.

ஆயினும் அந்த அரைப் பக்கத்தின் இரண்டாம் வரியிலேயே ஓர் அனுமானம் பதுங்கியிருக்கிறது. வெவ்வேறு நிறை கொண்ட பகுதிகள் அனைத்தும் ஒரே உந்தத்துடன் புறப்படுகின்றன என்று சில பாடநூல்கள் எழுதுகின்றன. ஒரே ஆற்றலுடன் புறப்படுகின்றன என்று வேறு சில எழுதுகின்றன. நிறை வேறுபட்ட இரண்டுக்கு உந்தமும் ஆற்றலும் ஒருசேர ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே இவ்விரு கூற்றுகளுள் ஒன்றேனும் தவறு. ஆனால் இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. தவறான தொடக்கத்திலிருந்து சரியான விடை எவ்வாறு வருகிறது? அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோட்பாட்டாளர்கள் எழுதிக் குவித்தவற்றில் கணிசமான பகுதி, இந்த ஒரு கேள்விக்கான பதிலே.

கருத்தின் வரலாறு சுருக்கமானது. 1957-இல் புரூனோ பொன்டகோர்வோ நியூட்ரினோவுக்கும் எதிர்நியூட்ரினோவுக்கும் இடையே அலைவு நிகழக்கூடும் என்று முன்மொழிந்தார். 1962-இல் ஜப்பானில் மாக்கி, நாககாவா, சகாட்டா ஆகிய மூவரும் சுவைகளுக்கிடையிலான கலப்பை எழுதினர். 1969-இல் கிரிபோவும் பொன்டகோர்வோவும் அதைச் சூரிய நியூட்ரினோக்களுக்குப் பொருத்தினர். 1970-களின் நடுவில் இன்றைய பாடநூல் வடிவம் உருப்பெற்றது. எலக்ட்ரான், மியூவான், டாவ் எனும் மூன்று சுவைகள் ஒருபுறம். திட்டமான நிறையுடைய மூன்று நிலைகள் மறுபுறம். ஒவ்வொரு சுவையும் மூன்று நிறைநிலைகளின் மேற்பொருந்துதல். நிறைநிலைகளின் கட்டங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால், வழியில் அவற்றின் சேர்க்கை விகிதம் குலைந்து வேறொரு சுவையின் சாயலைப் பெறுகிறது.

இந்த அழகிய சித்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் விரிசல்கள் தெரியும். ஓய்விலிருக்கும் பையான் ஒன்று மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைகிறது என்று கொள்வோம். இரண்டே துகள்களாகச் சிதையும்போது ஆற்றலும் உந்தமும் மாறாமை விதிகளால் முற்றாக நிர்ணயிக்கப்பட்டுவிடுகின்றன. நியூட்ரினோவின் நிறை வேறானால் அதன் ஆற்றலும் வேறு, உந்தமும் வேறு. ஆக, சம உந்தமும் இல்லை. சம ஆற்றலும் இல்லை. இவ்வளவோடு நின்றாலும் பாதகமில்லை. நிறைநிலைகளின் ஆற்றலும் உந்தமும் அவ்வளவு துல்லியமாக வேறுபட்டிருந்தால், உடன் பிறந்த மியூவானை மட்டும் துல்லியமாக அளந்தே எந்த நிறைநிலை வெளிப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடிக்க முடியும் என்ற நிலை வந்ததும் குறுக்கீடு அழிந்துவிடும். குறுக்கீடு இல்லையேல் அலைவும் இல்லை. இதை 1981-இல் போரிஸ் கெய்சர் தெளிவாக எடுத்துக்காட்டினார். விதிகளைக் கறாராகப் பின்பற்றினால் அலைவு மறைகிறது; சற்றுத் தளர்த்தினால்தான் தோன்றுகிறது.

மூன்றாவது வழியில் சென்றோர் வேறொரு பள்ளத்தில் விழுந்தனர். ஒவ்வொரு நிறைநிலைக்கும் தனித்தனி வேகம், தனித்தனி வருகை நேரம் என்று கொண்டு கட்டங்களைக் கழித்தால் விடை இருமடங்காகிறது. இந்த ‘இரண்டு எனும் காரணி’ 1990-களில் நீண்ட விவாதமாகவே நடந்தது. வெவ்வேறு நேரங்களில் வந்துசேரும் இரண்டை ஒன்றோடொன்று குறுக்கிடச் செய்வதற்குப் பொருளில்லை. ஒரே இடத்தில் ஒரே கணத்தில் ஒப்பிடப்படும் கட்டங்களே குறுக்கீட்டுக்கு உரியவை. எளிமையாகத் தோன்றும் கணக்கில் ‘எங்கே’, ‘எப்போது’ என்ற இரு சொற்களைக் கவனமின்றிக் கையாண்டதால் நேர்ந்த குழப்பம் அது.

எங்கே, எப்போது என்ற இரு கேள்விகளும் இந்நிலப்பகுதிக்குப் புதியவை அல்ல. கோலார் தங்கவயலின் பாறைப் பட்டை கர்நாடக எல்லையோடு முடிந்துவிடுவதில்லை. தெற்கே சித்தூர் மாவட்டத்துக்குள் நீண்டு, சிகர்குண்டா, பிசானத்தம் ஆகிய தங்கச் சுரங்கங்கள் வரை வருகிறது. அந்தத் தங்கவயலில், வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்த ஆழங்களில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, 1965-இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் பதிவாயின. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் கூட்டுமுயற்சி அது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ரெய்ன்ஸ் குழுவினரும் அவற்றைக் கண்டனர்.

கோலாரில் கண்டறிந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. மேலிருந்து நேராக இறங்கும் மியூவான்கள் காஸ்மிக் கதிர்களின் எச்சமாக இருக்கலாம். கிடைமட்டமாக வரும் மியூவான், பல கிலோமீட்டர் பாறையைத் துளைத்து வந்திருக்க முடியாது. அருகிலுள்ள பாறையில் ஒரு நியூட்ரினோ மோதிப் பிறந்ததாகவே அது இருக்க வேண்டும். நியூட்ரினோவை எவரும் பார்க்கவில்லை. ஒரு மியூவானின் திசையைக் கொண்டு, அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னார்கள். நியூட்ரினோவைப் பற்றிய எல்லாக் கூற்றுகளும் இத்தகையவையே: தொடக்கத்தில் ஒரு நிகழ்வு, முடிவில் ஒரு நிகழ்வு, இடையில் ஊகம்.

இடைத்தொலைவு ஏன் முக்கியம் என்பதைத் திருப்பதியின் வானத்தைக் கொண்டே விளக்கலாம். அருகிலுள்ள காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் ரேடார், மேல்வளியின் அடுக்குகளை ஆராய்ந்து வருகிறது. அதே வளியில், பதினைந்து இருபது கிலோமீட்டர் உயரத்தில், காஸ்மிக் கதிர்கள் மோதிப் பையான்கள் உண்டாகி, அவை சிதைந்து நியூட்ரினோக்கள் பிறந்துகொண்டேயிருக்கின்றன. தலைக்கு மேலிருந்து இங்கு வருபவை கடக்கும் தொலைவு இருபது கிலோமீட்டர். புவியின் மறுபக்க வானில் பிறந்து காலுக்குக் கீழிருந்து மேலெழுபவை கடப்பது ஏறத்தாழ 12,800 கிலோமீட்டர். ஒரு ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய மியூவான் நியூட்ரினோ சுவை குன்றி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப, வளிமண்டல அலைவின் அளவுப்படி, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேண்டும். ஆகவே மேலிருந்து வருபவை மாற நேரமின்றி வந்துவிடுகின்றன. கீழிருந்து வருபவை பலமுறை அலைந்து, சராசரியில் பாதியாகக் குறைந்து வருகின்றன. 1998-இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே கண்டது இந்த மேல்-கீழ் வேறுபாட்டையே.

இனி, விளக்கத்துக்குத் திரும்பலாம். முதல் திருத்தம் அலைப்பொதி அணுகுமுறை. 1976-இல் ஷ்முவேல் நுஸ்ஸினோவ் இதன் அடிப்படைக் கருத்தை முன்வைத்தார். பின்னர் கெய்சரும், 1990-களில் கியுன்டி, கிம், லீ முதலியோரும் விரிவாக்கினர். தள அலை என்பது எல்லையற்ற வெளியெங்கும் பரவியது; அதற்குப் பிறந்த இடமும் இல்லை, பிறந்த நேரமும் இல்லை. மெய்யான நியூட்ரினோவோ ஒரு குறிப்பிட்ட பகுதியில், ஒரு குறிப்பிட்ட கால இடைவெளியில் பிறக்கிறது. நிச்சயமின்மைக் கோட்பாட்டின்படி அதன் உந்தத்திலும் ஆற்றலிலும் அதற்கேற்ற பரவல் இருந்தே தீரும். அந்தப் பரவல், நிறைநிலைகளுக்கிடையிலான நுண்ணிய வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும்போது, எந்த நிறைநிலை பிறந்தது என்பதை மியூவானைக் கொண்டு அறிய வழியில்லை. ஆகவே குறுக்கீடு தப்பிப் பிழைக்கிறது. சம உந்தம், சம ஆற்றல் என்ற இரு பொய்களும் சரியான விடையைத் தந்ததன் இரகசியம் இதுதான்: பரவலுக்குள் அடங்கும் எந்த அனுமானத்தையும் கட்ட வேறுபாடு பொருட்படுத்துவதில்லை.

அலைப்பொதி அணுகுமுறை பழைய விடையை மட்டும் நியாயப்படுத்தி நிற்கவில்லை. பழைய கணக்கால் சொல்லவே முடியாத ஒன்றையும் சொன்னது. வெவ்வேறு நிறையுடைய பொதிகள் சற்றே வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. தொலைவு கூடக்கூட அவை விலகி, ஒரு கட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று படியாமலேயே போய்விடும். அதன்பின் அலைவு இல்லை. தனித்தனி நிறைநிலைகளின் கலவை மட்டுமே. 1987-இல் பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனிலிருந்து சுமார் 1,68,000 ஒளியாண்டுகள் கடந்து வந்த நியூட்ரினோக்கள் இத்தகையவை. ஒத்திசைவு நீளம் என்று அழைக்கப்படும் இவ்வெல்லை சோதனைக்கும் உரியது. சீனாவின் தயா பே அணுஉலைச் சோதனை தன் தரவை அலைப்பொதிச் சூத்திரத்தோடு ஒப்பிட்டு, தள அலைச் சூத்திரத்திலிருந்து விலகல் எதுவும் புலப்படவில்லை என்று 2017-இல் அறிவித்தது. அந்த எல்லைக்குள் எளிய சூத்திரத்தை நம்பலாம் என்பது அனுமானமாக இருந்த நிலை மாறி, அளவீடாயிற்று.

எனினும் அலைப்பொதியின் அகலம் என்ன என்ற கேள்வி எஞ்சியது. அதைக் கையால் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. இங்கேதான் குவாண்டம் புலக் கோட்பாட்டு அணுகுமுறை நுழைகிறது. 1990-களில் கியுன்டியும் உடனாய்வாளர்களும், கிரிமுஸ்-ஸ்டாக்கிங்கர் இணையும் வளர்த்து, 2003-இல் மிக்காயேல் பியூத் விரிவான ஆய்வுரையில் தொகுத்த பார்வை அது. இதன்படி நியூட்ரினோ புறப்படும் துகளும் இல்லை, வந்துசேரும் துகளும் இல்லை. மூலத்தில் பையானும் மியூவானும், கண்டறியும் கருவியில் அணுக்கருவும் வெளிப்படும் லெப்டானும் மட்டுமே புறத்துகள்கள். நியூட்ரினோ இவ்விரு முனைகளையும் இணைக்கும் உட்கோடு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஃபெய்ன்மன் வரைபடத்தின் நடுக்கோடு! மூன்று நிறைகளுக்கான மூன்று வீச்சுகளும் கூட்டப்படுகின்றன. அவற்றின் குறுக்கீடே அலைவு. பொதியின் அகலத்தை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புறத்துகள்கள் எவ்வளவு துல்லியமாக இடம்பெற்றுள்ளன என்பதிலிருந்து அது தானே வந்துவிடுகிறது. இவ்வணுகுமுறைக்கும் அலைப்பொதி அணுகுமுறைக்கும் உள்ள உறவை 2010-இல் அக்மெடோவும் கொப்பும் ஒப்பிட்டுக் காட்டினர்.

மொழியியல் பயின்றோருக்கு இவ்விடம் பழக்கமானதாகத் தோன்றும். சித்தூர், திருப்பதிப் பகுதியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகின்றன. பேருந்து நிலையத்தில் ஒருவர் ‘ஊரு’ என்கிறார், ‘காலு’ என்கிறார், ‘பாலு’ என்கிறார். பேச்சுத் தமிழிலும் இவை உண்டு, தெலுங்கிலும் உண்டு. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு இது எந்த மொழி என்று கேட்டால் பதிலில்லை. வாக்கியம் முடிந்து வினைமுற்று வந்தபின்னரே மொழி துலங்கும். நியூட்ரினோவின் சுவையும் ஏறத்தாழ அப்படியே. ‘மியூவான் நியூட்ரினோ’ என்ற பெயர் அத்துகளின் உள்ளியல்பைச் சுட்டுவதில்லை. மியூவானோடு உடன்தோன்றிய ஒன்று என்பதையே சுட்டுகிறது. உடன்வருவதைக் கொண்டு பொருள் பெறும் சொல் அது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. ‘ஊரு’ என்றவரின் மனத்தில் எந்த மொழி என்பது முன்பே முடிவாகியிருக்கலாம், கேட்பவருக்குத்தான் தெரியவில்லை. நியூட்ரினோவுக்கு அப்படியொரு மறைந்த முடிவு கிடையாது. இருந்திருந்தால் குறுக்கீடு தோன்றியிராது. 2016-இல் மினாஸ் சோதனையின் 735 கிலோமீட்டர் தரவைக் கொண்டு லெக்கெட்-கார்க் சமனின்மை ஆராயப்பட்டபோது, ஒவ்வொரு கணத்திலும் திட்டமான ஒரு சுவையைச் சுமந்து செல்லும் துகள் என்ற செவ்வியல் சித்திரத்தோடு தரவு ஒத்துப்போகவில்லை. மாபெரும் தொலைவுக்கு நீடிக்கும் குவாண்டம் மேற்பொருந்துதல் அங்கே வெளிப்பட்டது.

இதே கண்ணோட்டம் மற்றொரு புதிரையும் அவிழ்க்கிறது. நியூட்ரினோக்கள் அலைகின்றன, எலக்ட்ரானும் மியூவானும் ஏன் அலைவதில்லை? மியூவானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப் போல் ஏறத்தாழ 207 மடங்கு. இவ்வளவு பெரிய வேறுபாடு எந்த நிச்சயமின்மைக்குள்ளும் மறைவதில்லை. ஆகவே இவை ஒத்திசைவான மேற்பொருந்துதலாகப் பிறப்பதே இல்லை. நியூட்ரினோக்களின் நிறை வர்க்க வேறுபாடுகளோ, எலக்ட்ரான்வோல்ட் வர்க்க அலகில், சுமார் 0.0025-உம் 0.000075-உம் மட்டுமே. நிறையால் பெயர் பெற்றவை ஒரு வகை. உறவால் பெயர் பெற்றவை மற்றொரு வகை. இரண்டையும் ஒரே ‘துகள்’ என்ற சொல்லால் குறிக்கும்போதுதான் மயக்கம் தொடங்குகிறது.

பெயரின் விலையைச் சூரியனைப்போல் உணர்த்துவது வேறில்லை. 2015-இல் தக்காக்கி கஜிட்டாவுக்கும் ஆர்தர் மெக்டொனால்டுக்கும் நியூட்ரினோ அலைவைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசு வழங்கப்பட்டது. கஜிட்டாவின் வளிமண்டல நியூட்ரினோக்களைப் பொறுத்தவரை அச்சொல் பொருத்தமானது. மெக்டொனால்டின் சட்பரி ஆய்வகம் கண்ட சூரிய நியூட்ரினோக்கள் அலைந்தனவா? அலெக்சேய் ஸ்மிர்னோவ் இக்கேள்வியை 2016-இல் வெளிப்படையாக எழுப்பினார். வுல்ஃபென்ஸ்டைன் 1978-இலும், மிக்கேயெவும் ஸ்மிர்னோவும் 1985-இலும் காட்டியபடி, சூரியனின் அடர்ந்த மையத்தில் பிறக்கும் உயர் ஆற்றல் எலக்ட்ரான் நியூட்ரினோ, அடர்த்தி மெல்லக் குறையும் வழியே வெளிவரும்போது ஏறத்தாழ முழுவதும் இரண்டாம் நிறைநிலையாகவே வெளியேறுகிறது. தனித்ததொரு நிறைநிலைக்கு அலைவு இல்லை. அதில் எலக்ட்ரான் சுவையின் பங்கு மூன்றில் ஒன்று அளவு. சட்பரியில் கண்டதும் அதுவே. அங்கு நிகழ்ந்தது சுவைமாற்றம். கட்டங்கள் சுழன்று உண்டான அலைவு அன்று.

தமிழில் எழுதுவோருக்கு இது நேரடியான சிக்கல். ‘ஊசலாட்டம்’ என்றால் ஒரே பொருள் இங்கும் அங்கும் ஆடுவதாகத் தோன்றும். ‘உருமாற்றம்’ என்றால் ஒன்று அழிந்து இன்னொன்றாவதாகத் தோன்றும். ‘அலைவு’ குறுக்கீட்டுக்கு நெருக்கமானது. ஆனால் சூரியனுக்குப் பொருந்தாது. நிகழ்வுக்கு ஒன்று, விளைவுக்கு ஒன்று என இரு சொற்களைப் பிரித்து ஆள்வதே முறை: கட்ட வேறுபாட்டால் நிகழ்வது அலைவு, எவ்வழியானும் சுவை வேறாகக் காணப்படுவது சுவைமாற்றம்.

பருப்பொருளின் ஊடாகச் செல்லும்போது அலைவு திரிபடையும் என்ற இவ்விளைவே தமிழ்நாட்டுக்கு நெருக்கமான ஒரு திட்டத்தின் அடித்தளம். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. ராஜசேகரன், எம்.வி.என். மூர்த்தி முதலியோர் 1990-களிலேயே சூரிய, வளிமண்டலத் தரவுகளை மூன்று சுவைகளின் ஒரே சட்டகத்தில் ஆராய்ந்தவர்கள். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அமையவிருந்த இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் சுமார் 50,000 டன் காந்தமூட்டிய இரும்புக் கருவி, புவியைத் துளைத்து வரும் நியூட்ரினோக்களையும் எதிர்நியூட்ரினோக்களையும் பிரித்தறிந்து, மூன்று நிறைகளின் வரிசையை அறிய முனைந்தது. 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மலை, நீர், காடு குறித்த அச்சங்களும் வழக்குகளும் தொடர்ந்தன; 2022-இல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவுசெய்தது. நிறை வரிசைக் கேள்வியை நோக்கி, சீனாவின் ஜூனோ 20,000 டன் ஒளிர்திரவத்துடன் 2025-இல் தரவெடுப்பைத் தொடங்கிவிட்டது. கோலாரின் சுரங்கங்கள் 2001-இலேயே மூடப்பட்டன.

கருவிகள் அமைவதும் அமையாததும் வகுப்பறையின் கையில் இல்லை. விளக்கம் அதன் கையில் உள்ளது. அரைப் பக்கத் தருவிப்பைக் கைவிட வேண்டியதில்லை. இருபது நிமிட விரிவுரைக்கு அது போதும். ஆனால் ‘சம உந்தம் என்று கொள்வோம்’ என்று எழுதியபின், அது உண்மையன்று என்பதையும், உண்மையன்றாயினும் விடை ஏன் பிழைத்துக்கொள்கிறது என்பதையும், எந்தத் தொலைவில் பிழைக்காது என்பதையும் மூன்று வரிகளில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மூன்று வரிகளைக் கேட்ட மாணவர், நியூட்ரினோவைப் பற்றி எதைக் கூறுமுன்னும் அது எங்கே பிறந்தது, எதனோடு பிறந்தது, எங்கே எவ்வாறு பிடிபட்டது என்று வினவுவார். கேளாதவர் சூத்திரத்தை நன்றாக மனப்பாடம் செய்திருப்பார். தள அலை செல்லாத தொலைவில் அதே சூத்திரத்தை எழுதும்போது தன் பிழை அவருக்குத் தெரியாது.